மருத்துவமனையில் தணிப்புச் சிகிச்சையை விரிவாக்குவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

மருத்துவமனையில் தணிப்புச் சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர் சேவையைப் பெரிதாக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் டாக்டராக இருக்கலாம், நர்ஸாக இருக்கலாம், நிர்வாகத்தில் இருக்கலாம். முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர், "தனி வார்டு எங்கே போடலாம், எத்தனை படுக்கை?" என்று கேட்பார். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். தனி வார்டு நல்லதுதான், ஆனால் அதில் தொடங்கினால் அந்த வார்டோடு சேவை நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. மற்ற வார்டுகள் எல்லாம் "அவங்க பார்த்துப்பாங்க" என்று கையைக் கழுவிக்கொள்ளும். நோயாளியை அங்கே மாற்றுவது என்பதே "முடிந்துவிட்டது" என்ற அறிவிப்பாக மாறிவிடும்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேருக்குத் தணிப்புச் சிகிச்சை தேவைப்படுகிறது, அவர்களில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்கு மட்டுமே அது கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தேவைப்படும் பெரியவர்களில் 38.5 சதவீதம் பேருக்கு இதய, ரத்தநாள நோய்கள். புற்றுநோய் 34 சதவீதம். நாள்பட்ட நுரையீரல் நோய் 10.3 சதவீதம். இந்தச் சேவை என்றாலே புற்றுநோய்ப் பிரிவு மட்டும் நினைவுக்கு வருகிறது. உண்மையில் உங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் இன்றைக்கே இதய வார்டிலும், டயாலிசிஸ் அறையிலும், பொது மருத்துவ வார்டிலும் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் படுக்கைக்கே இந்தச் சிகிச்சை போய்ச் சேர வேண்டும். அதுவும் கடைசி மூன்று நாளில் அல்ல, பல மாதங்கள் முன்னதாக. இந்தக் கட்டுரையில் சொல்லும் ஒவ்வொரு வேலையும் அதை நோக்கித்தான்.

முற்றிலும் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. தணிப்புச் சிகிச்சை தொடங்குவதற்கு வேறு எந்தச் சிகிச்சையையும் நிறுத்த வேண்டியதில்லை. கீமோதெரபி, டயாலிசிஸ், இதய மருந்துகள் எல்லாம் தொடரும்போதே வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை, பயம், குடும்பத்தின் தவிப்பு ஆகியவற்றையும் அதே அக்கறையோடு கவனிப்பதுதான் இது. 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாகவும், மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு டாக்டரானவர். உடல் வலி, மனவேதனை, குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அவர் 'முழு வலி' என்றார். 1975-ல் கனடாவின் மான்ட்ரியலில் பால்ஃபர் மவுன்ட் அந்தப் பராமரிப்பை ராயல் விக்டோரியா என்ற பெரிய பொது மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுவந்தார். வார்டு மட்டுமல்ல, மற்ற வார்டுகளுக்குப் போய் ஆலோசனை சொல்லும் குழுவும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஏற்பாடும் அதில் இருந்தன. உங்கள் முன் இருப்பதும் அந்த வேலைதான்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

ஒரு சாதாரண வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். மூத்த நர்ஸ் ஒருவரோடு ஒவ்வொரு வார்டாகப் போங்கள். அங்கே சிகிச்சை கொடுக்கும் டாக்டரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இவர் அடுத்த 12 மாதத்துக்குள் இறந்துபோனால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா?" 'இருக்காது' என்ற பதில் வந்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வி சாவு எப்போது என்று கணிக்கும் கருவி அல்ல. அப்படிப் பயன்படுத்தினால் அடிக்கடி தவறும். யாரிடம் போய், "எப்படி இருக்கீங்க, எது ரொம்பத் தொந்தரவு பண்ணுது?" என்று கேட்க வேண்டும் என்பதைக் காட்டும், அவ்வளவுதான். பிறகு அந்த நோயாளிகளிடம் போய் நீங்களே அதைக் கேளுங்கள். எத்தனை பேருக்கு வலி இருக்கிறது, அது கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, மருத்துவமனையில் அண்மையில் இறந்தவர்களின் கோப்புகள் சிலவற்றை எடுத்துப் படியுங்கள். கடைசி ஒரு வாரத்தில் வலி அளக்கப்பட்டதா? கடும் வலிக்கான மருந்தான மார்பின் கொடுக்கப்பட்டதா? நோயின் நிலை பற்றி நோயாளியிடம் யாராவது பேசியதாகக் குறிப்பு இருக்கிறதா? கடைசி நாளில் எத்தனை ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள்? இதைப் படிப்பது மனதுக்குக் கஷ்டமான வேலை, ஆனாலும் தவிர்க்காதீர்கள். நிர்வாகத்திடம் போய் உலகப் புள்ளிவிவரம் சொன்னால் தலையசைப்பார்கள். "நம்ம மருத்துவமனையில், போன மாதம் இறந்தவர்களில் இத்தனை பேருக்கு வலி இருந்தது என்று நர்ஸ் எழுதியிருக்கிறார், இத்தனை பேருக்கு மருந்து எழுதப்படவில்லை" என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். எந்தத் தனி டாக்டரின் பெயரும் அந்த அறிக்கையில் வரக்கூடாது. குற்றப்பத்திரிகை மாதிரி அது போய்ச் சேர்ந்தால், உங்களுக்கு வேண்டிய கதவுகள் எல்லாம் அன்றைக்கே மூடிக்கொள்ளும்.

ஒரு வார்டு, ஒரு நர்ஸ்

எந்த வார்டில் தேவை அதிகம் என்பதைவிட, எந்த வார்டின் தலைமை டாக்டர் உங்களை வரவேற்கிறார் என்பதைப் பார்த்துத் தொடங்குங்கள். தேவை எல்லா இடத்திலும் இருக்கிறது. அழைப்பு எல்லா இடத்திலும் இருக்காது.

குழுவில் குறைந்தபட்சம் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், குடும்பத்தோடு பேசவும் பண, சமூகச் சிக்கல்களைக் கவனிக்கவும் தெரிந்த ஒரு சமூகப் பணியாளர் அல்லது கவுன்சிலர் வேண்டும். மருந்தகத்தில் ஒருவர் உங்களுக்கு ஆதரவாக இருப்பது அவசியம். டாக்டர் பகுதி நேரமாக இருந்தாலும் ஓடும். நர்ஸ் மட்டும் முழு நேரமாக இருந்தே ஆக வேண்டும். ஆள் பற்றாக்குறை நாளில் வேறு வார்டு டியூட்டிக்கு இழுக்கப்படும் நர்ஸை வைத்துக்கொண்டு இந்தச் சேவையை நடத்த முடியாது. நிர்வாகத்திடம் நீங்கள் பிடிவாதமாக நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். படுக்கை தரவில்லையா, பரவாயில்லை. அறை சின்னதா, சமாளிக்கலாம். அந்த நர்ஸின் நேரத்தை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.

மார்பின் வராமல் மற்றது எதுவும் வராது

அன்பான பேச்சு, பயிற்சி, படிவங்கள் எல்லாம் இருந்தும், இரவு இரண்டு மணிக்கு வலியில் துடிப்பவருக்குக் கொடுக்க மருந்து இல்லையென்றால் அந்தச் சேவைக்குப் பொருள் இல்லை. ஆகவே சேவையைத் தொடங்குவதாக அறிவிக்கும் முன்பே மருந்தைக் கவனியுங்கள்.

வாயால் எடுக்கும் மார்பின் விலை குறைந்தது, பழையது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. அப்படியிருந்தும் உலகின் பெரும்பகுதிக்கு அது எட்டவில்லை. 2017-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட கணக்குப்படி, மார்பினுக்கு நிகரான வலிமருந்து ஆண்டுக்கு 298.5 டன் உலகில் விநியோகமாகிறது. அதில் ஏழை நாடுகளுக்குப் போவது வெறும் 0.1 டன். இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன். இதற்குக் காரணம் சட்டச் சிக்கல் மட்டுமல்ல. சட்டம் அனுமதிக்கும் இடங்களிலும் பயம் தடுக்கிறது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் நாட்டுப் போதைமருந்துச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டுக்கு என்ன சொல்கிறது என்று மூலத்தையே எடுத்துப் படியுங்கள். "அதுக்கு அனுமதி கிடைக்காது" என்று காலம்காலமாகச் சொல்லப்படுவது சட்டத்தில் இல்லாமலே இருக்கலாம். உரிமம், இரட்டைப் பூட்டு, பதிவேடு, கையெழுத்து இடக்கூடியவர்கள் ஆகியவற்றை மருந்தகப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரவிலும் விடுமுறையிலும் சாவி யாரிடம் இருக்கும் என்பதை அதில் குறிப்பிட மறக்காதீர்கள். பல இடங்களில் மருந்து இருக்கும், சாவிதான் இருக்காது.

அடுத்து டாக்டர்கள், நர்ஸ்களின் பயம். "அடிமையாகிவிடுவார்", "மூச்சு நின்றுவிடும்", "மார்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்ற மூன்றும் எங்கும் வரும். இவற்றை விரிவுரையால் போக்க முடியாது. ஒரு நோயாளிக்கு உங்களோடு சேர்ந்து சரியாகக் கொடுத்து, மறுநாள் காலை அவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போது போய்விடும். சரியாகக் கொடுப்பது என்றால் இதுதான்: முன்பு இத்தகைய மருந்து எடுக்காத பெரியவருக்கு வாய்வழியாக 5 மில்லிகிராம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. முதியவர், மெலிந்தவர் என்றால் 2.5. வலி வந்தபிறகு கொடுப்பதல்ல, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. இடையில் வலி எகிறினால் கூடுதலாகக் கொடுக்க ஒருநாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கை முன்கூட்டியே எழுதி வைப்பது. முதல் மார்பின் எழுதும் அதே கையால் மலமிளக்கியும் எழுதுவது. குமட்டல் முதல் சில நாளில் வந்து பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது. மலச்சிக்கல் தாங்காமல் மார்பினை நிறுத்திவிட்டு வலியோடு கிடப்பவர்கள் நிறையப் பேர், அந்தத் துன்பம் முழுக்கவும் தவிர்க்கக்கூடியது.

எச்சரிக்கையும் அதே அளவு வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் மார்பினின் சிதைபொருட்கள் தேங்கும். அவர்களுக்கு அளவு குறைய வேண்டும், இடைவெளி நீள வேண்டும், இல்லையென்றால் ஃபென்டனில் போன்ற மாற்று மருந்துக்குப் போக வேண்டும். அளவு மீறும்போது மூச்சு குறைவதற்கு முன் தூக்கம் கூடும். கூடிக்கொண்டே போகும் அந்தத் தூக்கம்தான் முதல் எச்சரிக்கை மணி என்று ஒவ்வொரு நர்ஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மார்பினின் வேலையை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து வார்டிலேயே இருக்கட்டும். இங்கே எழுதியிருப்பது தொடக்க அறிவு. மருந்து எழுதுபவர் முறையான பயிற்சி எடுத்த பிறகே எழுத வேண்டும்.

அளக்கும் பழக்கம்

வலி அளவை நாடித்துடிப்பு, காய்ச்சலோடு சேர்த்து அதே சார்ட்டில் எழுதச் செய்யுங்கள். தனிப் படிவம் போட்டால் நிரப்ப மாட்டார்கள். வலியைத் தாண்டி மூச்சுத்திணறல், குமட்டல், பசியின்மை, சோர்வு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றையும் கேட்க வேண்டும். 1991-ல் கனடாவின் எட்மன்டனில் உருவான ஈசாஸ் என்ற அளவுகோல் இதற்குப் போதும். ஒவ்வொரு தொந்தரவுக்கும் 0 முதல் 10 வரை நோயாளியே மதிப்பெண் கொடுப்பார். ஒன்றைக் கவனியுங்கள்: 8 என்று எழுதிவிட்டு அதற்குப் பிறகு எதுவும் செய்யாவிட்டால் அது கேட்காமல் இருப்பதைவிட மோசம். 'இத்தனைக்கு மேல் இருந்தால் டாக்டரைக் கூப்பிடு, மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் மறுபடி கேள்' என்ற விதியை அளவுகோலோடு சேர்த்தே கொண்டுவாருங்கள்.

அழைப்பு முன்கூட்டியே வர

தணிப்புக் குழுவைக் கூப்பிடுவது டாக்டரின் விருப்பத்துக்கு மட்டும் விடப்பட்டால் அழைப்பு கடைசி நாட்களில்தான் வரும். அவர்கள் கல்நெஞ்சர்கள் என்பதால் அல்ல. "கூப்பிட்டால் கைவிட்டுவிட்டேன் என்று குடும்பம் நினைக்குமே" என்ற தயக்கம்தான் காரணம். தகவல் கொடுத்தாலே மாறிவிடும் என்று நம்பவும் முடியாது. அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளில் 9,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளோடு நடந்து 1995-ல் வெளியான சப்போர்ட் ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் நோயின் போக்கையும் நோயாளியின் விருப்பத்தையும் டாக்டர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். அப்படியும் சிகிச்சை முறையில் மாற்றம் வரவில்லை. இறுதி நாட்களில் நினைவோடு இருந்தவர்களில் பாதிப் பேர், குறைந்தது பாதி நேரமாவது மிதமான அல்லது கடும் வலியில் இருந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள்.

ஆகவே பழக்கமே மாற வேண்டும். வார்டு டாக்டர்களோடு உட்கார்ந்து, எந்த நிலையில் குழுவுக்குத் தானாகவே தகவல் போகும் என்று ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள். இதயச் செயலிழப்புக்காக ஆறு மாதத்துக்குள் இரண்டாவது, மூன்றாவது முறை அட்மிட் ஆவது. பரவிய புற்றுநோய் என்று முதல்முறை தெரியவருவது. டயாலிசிஸ் தாங்காமல் உடல் தளர்வது. ஐசியூவில் நீண்ட நாள் இருந்தும் தேறாமல் இருப்பது. ஐந்தாறு வரிக்கு மேல் போகவேண்டாம். வார்டு நர்ஸே போன் செய்யலாம் என்ற உரிமையை அதில் எழுத்தில் வையுங்கள். நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர் அவர்தான், முதலில் தெரிந்துகொள்பவரும் அவர்தான்.

முன்கூட்டியே வருவதன் பலனுக்குச் சான்று கேட்பவர்களிடம் 2010-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில், தொடக்கத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். ஆனால் "எங்களைக் கூப்பிட்டால் ஆயுள் கூடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிறகு வந்த ஆய்வுகள் சிலவற்றில் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. துன்பம் குறைகிறது என்பதே போதுமான காரணம்.

அழைப்பு வந்ததும் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதில்தான் அடுத்த அழைப்பு இருக்கிறது. அன்றைக்கே போங்கள். நோயாளியைப் பார்க்கும் முன் அவருடைய டாக்டரிடம் பேசுங்கள், பார்த்தபின்னும் பேசுங்கள். கேஸ் ஷீட்டில் நீளமாக எழுதுவதைவிட நேரில் இரண்டு வாக்கியம் சொல்வது மேல். மருந்தை மாற்றுவதாக இருந்தால் அவர் பேரிலேயே மாறட்டும். "இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை?" என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து ஒருபோதும் வரக்கூடாது.

பேசுவது

பயிற்சியில் அதிக நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். மருந்தளவைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். பேசுவதை, பேசிப் பார்த்துத்தான் கற்க முடியும்.

கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை உலகம் முழுவதும் கற்றுத்தரப்படுகிறது. 2000-ல் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலானோர் வெளியிட்டது. இடத்தைத் தயார் செய்வது, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, சொல்வது, வரும் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று பேசுவது. புதியவர்கள் தவறவிடுவது ஐந்தாவது படியை. செய்தியைச் சொன்னதும் வரும் மௌனத்தைத் தாங்க முடியாமல் உடனே சிகிச்சைத் திட்டத்துக்குத் தாவிவிடுவார்கள். அந்த நேரத்தில் சொல்லும் எதுவும் நோயாளியின் காதில் விழாது. உட்கார்ந்திருங்கள். அவர் முதலில் பேசட்டும்.

எல்லா வார்டிலும் வரும் ஒரு நிலைமை இது. மகன் உங்களைக் கதவருகில் நிறுத்தி, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்பார். அவரோடு வாதாட வேண்டாம். நோயாளியின் உரிமை பற்றிய பாடமும் வேண்டாம். "உங்க பயம் புரியுது. நானா போய் எதையும் கொட்டிட மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல என்னால முடியாது. அவருக்கு இப்ப என்ன தெரியும்னு மட்டும் கேட்டுப் பார்க்கட்டுமா? நீங்களும் பக்கத்துல இருங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார். உள்ளே போய், "ஐயா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டால், அப்பாவுக்கு முன்பே தெரிந்திருப்பது எத்தனையோ முறை வெளியே வரும். மகன் தாங்க மாட்டான் என்று அவர் மறைத்திருப்பார். எல்லோரும் அப்படி இருப்பதில்லை. சிலர் "எதுவா இருந்தாலும் பையன்கிட்டயே பேசிக்குங்க" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான், மதிக்க வேண்டும். யார் முடிவெடுக்க வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டோம் என்பது முக்கியம்.

ஒரு வாக்கியத்தை மட்டும் உங்கள் மருத்துவமனையில் ஒழித்துக்கட்டப் பாருங்கள்: "இனி செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." செய்வதற்கு நிறைய இருக்கிறது. "இந்த நோயைக் குணப்படுத்துற மருந்து இனி பலன் தராது. ஆனா வலியையும் மூச்சுத் திணறலையும் குறைக்க முடியும், அதை நாங்க விடாம செய்வோம்" என்று சொல்லக் கூடுதலாக ஆகும் நேரம் அரை நிமிடம்.

கடைசி நாட்கள்

இறப்பு நெருங்கும் அடையாளங்களை வார்டு நர்ஸ்கள் கண்டுகொள்ளப் பழக வேண்டும். படுக்கையோடு கிடப்பது, விழுங்க முடியாமை, நினைவு மங்குவது, கைகால் சில்லிடுவது, மூச்சின் போக்கு மாறுவது. அப்போது தேவைப்படக்கூடிய நான்கு வகை மருந்துகளை முன்பே எழுதி வைக்க வேண்டும்: வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்பின், பதற்றத்துக்கு மிடாசோலாம், குமட்டலுக்கும் குழப்பத்துக்கும் ஹாலோபெரிடால், தொண்டையில் சளி கரகரப்பதற்கு கிளைகோபைரோலேட் அல்லது ஹயோசின். வாயால் முடியாதபோது தோலுக்கடியில் கொடுக்கலாம். அதற்காக ரத்தநாளம் தேடிக் குத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வாயை ஈரமாக வைத்திருப்பது, படுக்கும் பக்கத்தை மாற்றிவிடுவது, முகத்தில் காற்று படும்படி விசிறி வைப்பது ஆகியவற்றைக் குடும்பத்தினருக்கும் சொல்லிக்கொடுங்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தவிப்பாக இருக்கும்.

இந்தப் பகுதியைப் படிவமாக்கிப் பரப்புவதில் ஒரு ஆபத்து உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் கேர் பாத்வே என்ற நடைமுறை, ஹாஸ்பிஸில் இறப்பவருக்குக் கிடைக்கும் நல்ல பராமரிப்பைச் சாதாரண வார்டுகளுக்கும் கொண்டுசெல்ல உருவானது. நோக்கம் உயர்ந்தது. பயிற்சியும் போதிய ஆட்களும் இல்லாத வார்டுகளில் அது கட்டத்துக்குள் டிக் போடும் வேலையாகிவிட்டது. குடும்பத்திடம் சொல்லாமலே தொடங்கப்பட்டதாகவும், தண்ணீர் கேட்டும் மறுக்கப்பட்டதாகவும் புகார்கள் வந்தன. ஜூலியா நியூபர்கர் தலைமையிலான குழு 2013-ல் ஆராய்ந்து அதைக் கைவிடப் பரிந்துரைத்தது. பயிற்சி போய்ச் சேராத வார்டுக்குப் படிவத்தை அனுப்பாதீர்கள். தண்ணீர் கேட்பவருக்கு, விழுங்க முடியும் வரை, கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது

டிஸ்சார்ஜ் நாளில் அறுந்துபோகும் சேவை பாதிச் சேவை. மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது, தீர்ந்தால் எங்கே கிடைக்கும், இரவில் வலி வந்தால் எந்த எண்ணுக்குப் பேசுவது ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொடுங்கள். மறுநாள் நீங்களே போன் செய்யுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வசதி மருத்துவமனைக்கு இல்லையென்றால் ஏற்கெனவே அதைச் செய்யும் அமைப்புகளைத் தேடிப் பிடியுங்கள். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் சிறிய புறநோயாளிப் பிரிவாகத் தொடங்கிய சேவை, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வழியாகப் பின்னாளில் வீடுகளுக்குப் பரவியது. அப்படிப்பட்ட வலை ஒரே ஆண்டில் வந்துவிடாது, தொடங்குவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

எதைக் கணக்கெடுப்பது

எத்தனை நோயாளிகளைப் பார்த்தோம் என்ற எண் நிர்வாகத்துக்குப் பிடிக்கும். உங்களுக்கு உண்மையைச் சொல்லும் எண் வேறு: முதல் அழைப்புக்கும் இறப்புக்கும் இடையே எத்தனை நாள். இந்த இடைவெளி நீள்கிறதென்றால் சேவை வளர்கிறது. நோயாளி எண்ணிக்கை இரட்டிப்பாகியும் இடைவெளி இரண்டு மூன்று நாளிலேயே நிற்கிறதென்றால், நீங்கள் கடைசி நேரத்துக்கு மட்டும் அழைக்கப்படுகிறீர்கள். இதோடு, வலி 7-க்கு மேல் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு நாளுக்குள் குறைந்தது, மார்பின் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு மலமிளக்கியும் எழுதப்பட்டது என்ற இரண்டும் போதும். மாதம் ஒருமுறை வார்டிலேயே ஒட்டுங்கள்.

குழுவின் உடம்பும் மனமும்

தினமும் சாவைப் பார்க்கும் வேலை இது. வாரம் ஒருமுறை, இறந்தவர்களைப் பற்றிக் குழுவாக உட்கார்ந்து பேச ஒரு மணி நேரத்தை டியூட்டி நேரத்துக்குள்ளேயே ஒதுக்குங்கள். துப்புரவுப் பணியாளரையும் அதற்குக் கூப்பிடுங்கள். நோயாளி அவரிடம் பேசியிருப்பார். விடுமுறையை யாரும் தியாகம் செய்ய வேண்டாம்.

இரண்டாவது வார்டு

முதல் வார்டில் நீங்கள் இல்லாத வாரத்திலும் வலி அளக்கப்படுகிறது, மார்பினோடு மலமிளக்கி எழுதப்படுகிறது, நர்ஸ் தானே போன் செய்கிறார் என்றால் அடுத்த வார்டுக்குப் போகலாம். அங்கே பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து நிபுணரை அழைப்பதைவிட முதல் வார்டின் நர்ஸை அனுப்புங்கள். சக நர்ஸ் சொன்னால் நம்புவார்கள்.

ஒவ்வொரு வார்டிலும், சாதாரணப் படுக்கையில் வைத்து எவ்வளவு முயன்றும் துன்பத்தை அடக்க முடியாத நோயாளிகளைத் தனியாகக் குறித்து வாருங்கள். அந்தப் பட்டியல்தான் தனிப் படுக்கைகள் எத்தனை வேண்டும் என்று சொல்லும். ஐசியூவைச் சேர்ப்பதற்கு முன், அங்கே சிகிச்சையை நிறுத்துவது, தொடங்காமலிருப்பது பற்றி உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று சட்ட ஆலோசகரோடு உட்கார்ந்து எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வார்டுக்குப் பெரியவர்களின் முறையை அப்படியே எடுத்துப்போகாதீர்கள். மருந்தளவு எடையைப் பொறுத்தது, வலியை அளக்க முகப்படங்கள் கொண்ட அளவுகோல் வேண்டும், பேசத் தெரியாத குழந்தைக்கு நடத்தையைப் பார்த்து அளப்பது வேறு. குழந்தை மருத்துவர் ஒருவரும் குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒருவரும் இதற்கென்று பயிற்சி எடுத்துவந்த பிறகு அங்கே தொடங்குங்கள்.